யாருக்கு வாங்கினீர்கள்?

பினாங்குக்கு வருகிற சுற்றுப்பயணிகள் என்ன வாங்குகிறார்கள் என்று ருக்குமணியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். சிங்கப்பூர்க்காரர்கள் முறுக்கும் ஜாதிக்காய் ஊறுகாயும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் லெபோ பசாரில் வரிசையாகச் சேலைக்கடைகளைப் பார்த்ததும் "இதுக்கா பிளேன் ஏறி வந்தோம்" என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, ஆளுக்குப் பன்னிரண்டு பாட்டில் தைலம் வாங்கிப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போவார்கள். வெள்ளைக்காரர்கள் ஒன்றும் வாங்கமாட்டார்கள், எல்லாவற்றையும் படம் மட்டும் பிடிப்பார்கள். இதில் எதையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாம் காதால் கேட்டதுதான்.

அவள் வேலை அப்படி. சுற்றுப்பயணிகளின் கடைத்தெருப் பழக்கங்களை ஆராய்கிற பல்கலைக்கழகக் குழு ஒன்று ஜார்ஜ் டவுனில் மாடியறை ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தது. மாணவர்கள் தெருவில் நின்று, கடையிலிருந்து பையோடு வெளியே வருகிறவர்களை மடக்கிக் கேள்வி கேட்பார்கள், பதிலைப் பதிவு செய்வார்கள். மலாயும் இங்கிலீஷும் அவர்களே டைப் அடித்துவிடுவார்கள். தமிழ்தான் ஆளை விழுங்கியது. பேசச் சொன்னால் பேசுகிற பிள்ளைகள், எழுதச் சொன்னால் ஓட்டம் பிடித்தன. அதற்காகத்தான் ருக்குமணி. நிபோங் திபாலில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் கிராணியாக டைப் அடித்தவள், ஐம்பத்தெட்டு வயது, விரல் இன்னும் பறக்கும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள் என்றால் ஊரே அவள் காதுக்குள் வந்து பை பையாகப் பிரித்துக் காட்டிவிட்டுப் போகும்.

அந்த மாடியறையைக் கட்டி மேய்த்தவள் அமீரா. முதுகலை படிக்கிற பெண், அப்பா சூலியா ஸ்ட்ரீட்டில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்தார். தமிழ்ப் பேட்டிகளைப் பெரும்பாலும் அவளே எடுப்பாள்.

"முன்னெல்லாம் ஆராய்ச்சின்னா எவ்ளோ செலவு பண்ணாங்கன்னுதான் ஆண்ட்டி கேப்பாங்க," என்று முதல் நாளே விளக்கினாள். "இப்ப அதெல்லாம் பழசு. ஏன் வாங்குறாங்க, யாருக்கு வாங்குறாங்க, வாங்குறப்ப மனசுல யாரு இருந்தா, இதத்தான் இப்ப எல்லாரும் தேடுறாங்க."

"அவங்கவங்க மனசுல யாரு இருந்தா உங்களுக்கென்னலா?" என்று கேட்டாள் ருக்குமணி.

"அத வெச்சுத்தான் ஆண்ட்டி எனக்குப் பட்டமே."

பதினோராவது கேள்விதான் அமீராவின் உயிர். 'யாருக்கு வாங்கினீர்கள்?' பதிலுக்குத் தக்கபடி எண் போட வேண்டும். தனக்கு என்றால் ஒன்று, கணவன் மனைவிக்கு இரண்டு, பிள்ளைகளுக்கு மூன்று, பெற்றோருக்கு நான்கு, இப்படியே போய், எதிலும் அடங்காததற்கு ஒன்பது. பேசியதைப் பேசியபடியே அடிக்க வேண்டும். 'ம்', 'லா', இருமல், தும்மல் எதையும் விடக்கூடாது. கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். ஒருமுறை ஒரு மனிதர் "எல்லாம் எனக்குத்தான்" என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து மனைவியின் குரல், "அப்ப அந்தக் கொலுசு யாருக்குங்க?" என்று கேட்டது. அதற்கப்புறம் பதிவில் பேச்சே இல்லை. ருக்குமணி வயிறு வலிக்கச் சிரித்து, ஒன்பது என்று போட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம், சனிக்கிழமை எடுத்த பேட்டிகளை அடித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தோராவது பதிவு. "தங்கராஜு அண்ணே சேலைக்கடை வாசல்" என்று அமீரா இடத்தைச் சொன்னாள். பிறகு, "எங்கேர்ந்துக்கா வரீங்க?" என்றாள்.

"மெல்பர்ன்."

ஒரே ஒரு சொல். அதுவும் ஊர்ப் பெயர். ருக்குமணியின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. பெற்றவளுக்கு அந்த ஒரு சொல் போதாதா? துளசி.

ஏழு வருடமாயிற்று அவள் முகத்தைப் பார்த்து. ஒரே பெண். தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார். மெல்பர்னுக்கு நர்ஸ் வேலைக்குப் போனவள், பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து பெற்றோரோடு அங்கே குடிபெயர்ந்திருந்த சீனப் பையன் சியாங்கைத் தாயிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். படம் பேஸ்புக்கில் வந்தது. நிபோங் திபால் முழுக்கப் பார்த்து முடித்த பிறகு கடைசியாகப் பார்த்தவள் ருக்குமணி. சீனன் என்பதுகூட அப்புறம்தான். தன்னிடம் சொல்லவில்லை என்பதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. போனில் கத்தித் தீர்த்தாள், "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றாள். துளசி அன்றே பேஸ்புக்கை மூடிவிட்டாள். ஆனால் போன் மட்டும் அதற்கப்புறம் மூன்று வருடம் மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு முறை வந்துகொண்டே இருந்தது. ருக்குமணி எடுக்கவில்லை. அப்படி ஒரு வீம்பு. அதை அவள் ரோஷம் என்று சொல்லிக்கொண்டாள்.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

"சொந்த ஊரே மெல்பர்னாக்கா?"

"இல்ல லா, இங்கதான். நிபோங் திபால்."

"அப்ப சொந்தக்காரங்க வீட்டுல தங்கியிருக்கீங்களா?"

"ஓட்டல்ல."

என்ன வாங்கினீர்கள் என்று அமீரா கேட்டாள். துளசி சொல்லிக்கொண்டே போனாள். மாமியாருக்கு ஒரு சால்வை, மாமனாருக்கு ஜாதிக்காய்த் தைலம், கூட வேலை செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் பலகாரம். இன்னும் ஒரு சேலை. ஆனால் அது இன்னும் கைக்கு வரவில்லை, கத்தரிப்பூ நிறத்தில் சுங்குடி கேட்டிருக்கிறாள், கடையில் அந்த நிறம் தீர்ந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை புதுச் சரக்கு வருகிறது, நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொண்டு நேராக ஏர்போர்ட் போய்விடுவாள்.

"வேற நிறம் எடுத்துக்கலாமேக்கா?"

"இல்ல, அந்த நிறந்தான் வேணும்."

"அது யாருக்கு?"

"எங்கம்மாவுக்கு."

ருக்குமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. கத்தரிப்பூ நிறச் சுங்குடி. பட்டு உடம்பில் பட்டாலே அவளுக்கு அரிக்கும், பருத்திதான் கட்டுவாள், அதிலும் அந்த நிறம் என்றால் உயிர். மறக்கவில்லையே! ஏழு வருடமாகியும் மறக்கவில்லையே என் தங்கம்! கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அமீரா, கொலுசுக்காரர் மாதிரி இன்னொருவர் மாட்டிக்கொண்டார் போலும் என்று நினைத்துத் தானும் சிரித்தாள்.

"அம்மா இங்க பினாங்குலதான் இருக்காங்களா?" என்று பதிவில் அமீரா கேட்டாள்.

"அம்மா இல்ல."

சிரிப்பு அப்படியே உறைந்தது. அடிப் பாவி! குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறேன், என்னை இல்லை என்கிறாளே! வழியில் போகிறவளிடம் பெற்ற தாயைச் சாகடித்துப் பேச நாக்கு எப்படி வந்தது? அவ்வளவு ஆத்திரமா என்மேல்? பதிவை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. ஆனால் குரல் தொடர்ந்தது.

"ஐயோ, ஸாரிக்கா."

"பரவால்ல லா. நாலு வருஷமாச்சு. கொரோனா எம்சிஓ நேரம், எல்லா பார்டரும் மூடிக் கெடந்துச்சு. என்னால வர முடியல. முகத்தக்கூடப் பாக்கல. பார்டர் தொறந்ததும் வந்தேன். வீட்டுல வேற ஆளுங்க இருந்தாங்க, வெளிநாட்டு ஃபேக்டரி ஆளுங்க. அக்கம்பக்கமும் புது ஆளுங்க. யார்கிட்ட என்னன்னு கேக்கறது? சாம்பல எங்க கரைச்சாங்கன்னுகூட எனக்குத் தெரியாது. அதான் வருஷா வருஷம் அந்தத் தேதிக்குப் புதுச் சேலை ஒண்ணு வெச்சுப் படைப்பேன். அங்க பாத்தா எல்லாம் மினுக்கு மினுக்குன்னு இருக்கும், அம்மாவுக்குப் பிடிக்காது. இந்த வருஷமாச்சும் அம்மா கட்டற மாதிரி வாங்கணும்னு வந்தேன்."

ருக்குமணி ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைக்கப் போனாள். அது அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

நாலு வருடம். எம்சிஓ. ஜூலை மாதம். அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம், தினமும் செத்தவர்கள் கணக்கு டிவியில் ஓடும். தங்கை லோகேஸ்வரி அவளோடுதான் இருந்தாள், இன்றும் இருக்கிறாள். அன்றைக்குத் துளசி, தாய் எடுக்கவில்லை என்று சின்னம்மாவின் போனுக்கு அடித்தாள். "துளசி பேசுறாக்கா, என்ன சொல்ல?" என்று லோகேஸ்வரி போனைக் கையால் மூடிக்கொண்டு கேட்டாள். ருக்குமணி பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "நான் இல்லன்னு சொல்லு," என்றாள்.

எல்லா வீட்டிலும் சொல்கிறதுதான். சீட்டுக்காரன் வந்தால் சொல்கிறோம், சிநேகிதி அறுத்தால் சொல்கிறோம். நான் இல்லைன்னு சொல்லு. அவ்வளவுதான்.

லோகேஸ்வரியும் சொன்னாள், "அம்மா இல்லம்மா." அந்தப் பக்கத்திலிருந்து துளசி ஏதோ கேட்டாள். லோகேஸ்வரிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. வேலைக்குப் போய்விட்டாள் என்று சொன்னால் எம்சிஓவில் என்ன வேலை என்று கேட்பாளோ என்று பயந்து, பாதியை விழுங்கிப் பாதியைச் சொன்னாள். "காலையிலேயே போயிட்டாங்க."

பிறகு ஒரு சத்தம் வந்தது. ருக்குமணிக்கும் கேட்டது. போனை வெட்டு என்று அவள் கத்தியாலேயே சைகை காட்டினாள்.

அதற்குப் பிறகு துளசி நாலைந்து நாள் விடாமல் அடித்தாள், இரவு பகல் பார்க்காமல் அடித்தாள். ருக்குமணிதான் தங்கையின் போனை வாங்கி அந்த எண்ணிலிருந்து போனே வராதபடி அடைத்துவைத்தாள். அடுத்த வருடம் நிபோங் திபால் வீட்டை விட்டுவிட்டு இருவரும் சுங்கை பினாங் அடுக்குமாடிக்கு வந்துவிட்டார்கள். பெண்ணிடமிருந்து சத்தமே இல்லை. ஒரு தடவை இல்லை என்று சொன்னதற்கே இவ்வளவு திமிரா, என்னைத் தேடி வராமலா போவாள் என்று ருக்குமணி நாலு வருடமாகக் கறுவிக்கொண்டிருந்தாள். அந்த நாலு வருடமும் அந்தப் பெண் அவளுக்குப் படைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஆண்ட்டி, என்னாச்சு? மூஞ்செல்லாம் வெளுத்துப் போச்சு," என்று அமீரா ஓடி வந்தாள்.

"இவ எந்த ஓட்டல்ல இருக்கா? நம்பர் இருக்கா?"

"யாரு? நாப்பத்தொண்ணா? பேரே வாங்க மாட்டோம் ஆண்ட்டி, உங்களுக்குத் தெரியாதா? பேட்டி குடுத்தவங்களத் தேடிப் போகவும் கூடாது. ரூல் அது." அமீரா குரலைத் தாழ்த்தினாள். "பாவம் அந்த அக்கா. அவங்க பதிலுக்கு என்ன நம்பர் போடறதுன்னு எனக்கே தெரியல. அம்மாவுக்குன்னா நாலு. ஆனா அம்மா உயிரோட இல்லையே. ஒம்பது போடலாமா?"

"நாலு போடு," என்றாள் ருக்குமணி. "அந்த அம்மா நான்தான். நான் சாகல."

 அமீரா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ருக்குமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு உங்களுக்கு லீவு ஆண்ட்டி," என்றாள். "நீங்க எங்க போறீங்கன்னு நான் கேக்கல."

ருக்குமணி அன்றே தங்கராஜுவின் கடைக்கு ஓடினாள். அவர் சேலை மடித்துக்கொண்டே சொன்னார், "நம்பர் ஒண்ணும் வாங்கலக்கா. காசு முழுசாக் குடுத்துட்டுப் போயிட்டாங்க, நாளைக்கு நாலு மணிக்கு வராங்க. ஏன், தெரிஞ்சவங்களா?" ருக்குமணி தலையை மட்டும் ஆட்டினாள். என் மகள் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னாள். லோகேஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"அழுதாளேக்கா! நான் சொன்னேன்ல, இந்தப் புள்ள ஒரு மாதிரி அழுவுது, திருப்பிக் கூப்புடவான்னு உங்கிட்ட கேட்டேன்ல? நடிக்கிறான்னு சொன்னியே."

"சொன்னேன்."

"'எப்ப'ன்னு கேட்டாக்கா. எப்பன்னு கேட்டா. நான் காலையிலேயேன்னு சொன்னேன்." லோகேஸ்வரி விசும்பினாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு முடிவோடு நிமிர்ந்தாள். "என் மேல போட்டுரு. நான்தான் ஒளறிட்டேன்னு சொல்லு. நீ உண்மையிலயே அன்னைக்கு வீட்டுல இல்ல, பசார் போயிருந்த, உனக்கு ஒண்ணுமே தெரியாது. நான் வாய்க் கொழுப்புல ஏதோ சொல்லி, அவ தப்பா எடுத்துக்கிட்டா. அப்படியே சொல்லிடு. என்கூட அவ பேசாட்டிப் பரவால்ல. நீ புள்ளையத் தொலைச்சிடாத."

அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. பாதிக்கு மேல் உண்மையும்கூட. ருக்குமணி அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நான் பசார் போயிருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. காலையில் குளிக்கும்போதும் சொன்னாள், பஸ்ஸில் வரும்போதும் சொன்னாள்.

மூன்று மணிக்கே கடைக்கு வந்துவிட்டாள். தங்கராஜு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். புதுச் சரக்குக் கட்டு பிரிந்து கிடந்தது, மேலேயே இருந்தது அந்தச் சேலை. ருக்குமணி அதைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டி, பிறகு மடக்கிக்கொண்டாள்.

நாலேகாலுக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. துளசி இறங்கினாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள், இளைத்திருந்தாள். பெட்டி காரிலேயே இருந்தது, டிரைவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அவசரமாக உள்ளே வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளைத் தாண்டித்தான் போனாள், பார்க்கவில்லை. செத்துப்போனவர்களைச் சேலைக்கடை நாற்காலியில் யார் தேடுவார்கள்?

"அங்கிள், சேலை வந்துடுச்சா?"

"துளசி," என்றாள் ருக்குமணி.

அவள் திரும்பினாள். முதலில் வந்தது பயம்தான். இரண்டடி பின்னால் போய், அடுக்கி வைத்திருந்த துணிகளில் மோதி, கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.  ருக்குமணி எழுந்து, "அம்மாதான்டா. நான்தான்டா" என்று கிட்டே போனாள். துளசி மெதுவாகக் கையை நீட்டித் தாயின் கன்னத்தைத் தொட்டாள், தோளைத் தொட்டாள், இரண்டு கையையும் பிடித்து மணிக்கட்டில் அழுத்திப் பார்த்தாள். நர்ஸ் அல்லவா, நாடி பார்த்தாள். பிறகு "அம்மா!" என்று ஒரு கத்தல் கத்தி, கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். கடைக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். தங்கராஜுவுக்கும் கண் கலங்கிவிட்டது, என்னவென்று தெரியாமலே.

"உயிரோட இருக்கியாம்மா? உயிரோடதான் இருக்கியா? ஐயோ, சாமி!" அழுகையும் சிரிப்புமாக அவள் தாயின் தலைமுடியை ஒதுக்கினாள், முந்தானையை முகர்ந்தாள். ஏழு வருடத்துக்குப் பிறகு ருக்குமணிக்கு மகள் கிடைத்தாள். இப்படியே செத்தாலும் சரி என்று அவளுக்கு இருந்தது.

அது ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோதான்.

"அப்ப ஏம்மா சின்னம்மா அப்படிச் சொன்னாங்க?" துளசி முகத்தை நிமிர்த்தினாள். "அம்மா இல்லன்னாங்களே. காலையிலேயே போயிட்டாங்கன்னாங்களே. ஏன் அப்படிச் சொன்னாங்க?"

பசார் போயிருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. வார்த்தைகள் நாக்கு நுனியில் வந்து நின்றன. சொல்லியிருந்தால் துளசி நம்பியிருப்பாள். நம்பத்தான் அந்த முகம் துடித்துக்கொண்டிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய்யைச் சொல்ல ருக்குமணியால் முடியவில்லை. முதல் பொய்யே நாலு வருடம் அந்தப் பெண்ணைத் தின்றிருந்தது.

"சின்னம்மா மேல தப்பில்லம்மா," என்றாள். "நான்தான் சொல்லச் சொன்னேன். வீட்டுல இல்லன்னு. வெளிய போயிட்டேன்னு. உன்கூடப் பேசக் கூடாதுன்னு வீம்பு. நீ அப்படி நெனச்சுக்குவேன்னு எனக்குத் தெரியாதும்மா, சத்தியமா தெரியாது."

துளசி தாயின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். 

"அப்ப நீ எங்க இருந்த?"

"பக்கத்துலதான்."

"பக்கத்துலன்னா?"

"சமையக்கட்டுல. சின்னம்மா பக்கத்துல நின்னேன்."

துளசி மூச்சை இழுத்துக்கொண்டாள். "நான் அழுதது கேட்டுச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு வழி திறந்துதான் இருந்தது.

"கேட்டுச்சு," என்றாள் ருக்குமணி. "நடிக்கிறேன்னு நெனச்சேன்."

துளசி கைகளை விடுவித்துக்கொண்டாள். உதறவில்லை. வார்டில் நோயாளியின் கையை விடுகிற மாதிரி மெதுவாக, பத்திரமாக விட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள்.

"எட்டு மாசம் நான் வேலைக்குப் போகலம்மா," என்றாள். "வயித்துல இருந்த புள்ளயும் தங்கல. சியாங்கோட அம்மாதான் எனக்குச் சோறு ஊட்டுனாங்க. அவங்களுக்கு நம்ம படையல் தெரியாது. யூடியூப்ல பாத்துப் பாத்து வாழையில வாங்கிட்டு வந்தாங்க."

ருக்குமணி வாயைப் பொத்திக்கொண்டாள். மன்னிச்சுடு என்ற வார்த்தையைத்தான் வழியெல்லாம் கொண்டுவந்திருந்தாள். இப்போது அது வாயில் வைத்துச் சொல்லுகிற அளவுக்குப் பெரிய வார்த்தையாக இல்லை. அழத்தான் முடிந்தது, அழுதாள்.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். தங்கராஜு பாவம், அவருக்குப் பாதிதான் புரிந்திருந்தது. நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் சேலையைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நீட்டினார்.

"அழுவாதம்மா. அம்மாதான் கெடச்சிட்டாங்களே, அதுக்கு மேல என்னா வேணும்? இந்தா, அம்மாவுக்குத்தானே வாங்குன, உன் கையாலயே குடுத்துடு."

துளசி பையை வாங்கினாள். உள்ளே கையை விட்டு அந்தத் துணியைத் தடவினாள். ருக்குமணி தன்னை அறியாமல் இரண்டு கையையும் ஏந்தினாள். கொடுப்பாள் என்றுதான் நினைத்தாள். எந்தத் தாய்தான் நினைக்கமாட்டாள்?

"இல்ல அங்கிள்," என்றாள் துளசி. "இது அவங்களுக்கு இல்ல. இது எங்கம்மாவுக்கு வாங்குனது. வர்ற வாரம் நாள் வருது."

பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ருக்குமணி பின்னாலேயே ஓடினாள், கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள், "துளசி, துளசி" என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. துளசி உள்ளே உட்கார்ந்து ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். அவள் முகமெல்லாம் நனைந்திருந்தது. கோபம் துளியும் இல்லை. கோபமாக நாலு வார்த்தை திட்டியிருந்தால் ருக்குமணி அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்திருப்பாள்.

"வெயில்ல நிக்காதீங்கம்மா," என்றாள் துளசி. "வீட்டுக்குப் போங்க."

பேசக் கற்றதிலிருந்து அவள் தாயை நீ என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். சண்டையிலும் நீதான், கொஞ்சலிலும் நீதான், சற்றுமுன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதபோதும் நீதான். இப்போது சொன்னது, தெருவில் முன்பின் தெரியாத ஒரு வயதான அம்மாளிடம் நல்ல பிள்ளைகள் பேசுகிற மரியாதை. டிரைவர் காரை எடுத்தான். ருக்குமணி கதவை விட்டாள்.